விக்கெட்டுக்குப் பின்னால் நின்ற இம்தியாஸ் அஹமத்

ஹட்டன் டன்பார் மைதானத்திலும், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலைத் தோட்டங்களில் லயன்களுக்கு முன்னால் இருக்கும் சிறு தரைகளிலும் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். துடுப்பைக் கையில் எடுக்க எல்லோரும் முந்துவார்கள். பந்து வீசவும் போட்டி இருக்கும். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்க மட்டும் யாரும் முன்வர மாட்டார்கள். கடைசியில் வயதில் சின்னவனோ, புதிதாக வந்து சேர்ந்தவனோ அங்கே அனுப்பப்படுவான். பந்து அவனைத் தாண்டினால் பள்ளத்துத் தேயிலைக்குள் உருண்டு போய்விடும். தேடி எடுத்து வருவதும் அவன் வேலைதான்.

யாரும் விரும்பாத அந்த இடத்தில் நின்றுகொண்டே ஒரு நாட்டின் முதல் பத்து வருட டெஸ்ட் வரலாற்றைத் தாங்கியவர் மர்ஹூம் இம்தியாஸ் அஹமத். பாகிஸ்தான் விளையாடிய முதல் 42 டெஸ்ட் போட்டிகளில் 41இல் அவர் இருந்தார். இம்ரான் கான், வசீம் அக்ரம் பெயர்களை அறிந்த நமது இளைஞர்களில் பலருக்கு இவருடைய பெயர் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய காரணம் ஓட்டக் கணக்கு மட்டுமல்ல.

பாகிஸ்தான் அணி பல்லேகலைக்கோ கொழும்புக்கோ விளையாட வரும்போதெல்லாம் நமது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. கடைத்தெருவில் விளையாட்டாகவும், சில நேரம் விளையாட்டில்லாமலும் கேட்கப்படுகிறது. நீ எந்தப் பக்கம் என்பதே அந்தக் கேள்வி. ஒரு நல்ல பந்துக்குக் கைதட்டியவன்கூட தன் நாட்டுப்பற்றை நிரூபிக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. இந்தக் கேள்விக்குச் சொல்லால் பதில் சொல்வது கடினம். இம்தியாஸின் வாழ்க்கையில் ஒரு பதில் இருக்கிறது.

அவர் பிறந்தது 1928 ஜனவரி 5ஆம் திகதி, லாகூரில். அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு பெரிய விக்கெட் காப்பாளர் இருந்தார். பேராசிரியர் தில்வார் ஹுஸைன். 1934இல் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டில் ஆடியபோது, பந்து தலையில் பட்டு வெளியே போனவர், கட்டுப்போட்டுக்கொண்டு திரும்பி வந்து 59 ஓட்டங்களும், இரண்டாவது இன்னிங்ஸில் 57 ஓட்டங்களும் எடுத்தார். அதற்கு அடுத்த டெஸ்ட் சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது. அதிலும் அவர் விளையாடினார். அவர் இந்திய அணிக்கு ஆடிய காலத்தில் இம்தியாஸ் சிறு பிள்ளை. காவலும் துடுப்பும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதை லாகூர் அப்போதே பார்த்திருந்தது.

இஸ்லாமியாக் கல்லூரியில் படித்த இம்தியாஸ், பிரிவினைக்கு முன்பே வட இந்திய அணிக்காக முதல்தரப் போட்டிகளில் ஆடத் தொடங்கிவிட்டார். 1945இல் அவுஸ்திரேலிய இராணுவ வீரர்களின் அணி லாகூருக்கு வந்தபோது ஆட்டமிழக்காமல் 138 ஓட்டங்கள் எடுத்தார். அப்போது அவருக்கு வயது 17.

1947இல் எல்லைக்கோடு விழுந்தது. லாகூர் பாகிஸ்தானுக்குள் வந்ததால் இம்தியாஸ் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவர் ஆடிவந்த அணி பங்குபற்றிய ரஞ்சிக் கிண்ணம் ஒரே நாளில் வேறு நாட்டுக்குரியதாகிவிட்டது. புதிய நாட்டுக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடையாது. முறையான உள்ளூர்ப் போட்டித் தொடர்கூட இல்லை. வந்துபோகும் வெளிநாட்டு அணிகளோடு ஆடித்தான் தகுதியைக் காட்ட வேண்டியிருந்தது. 1948இல் மேற்கிந்தியத் தீவுகள் அணி லாகூருக்கு வந்தபோது இம்தியாஸ் சதம் அடித்தார். 1949இல் பாகிஸ்தான் அணி நமது நாட்டுக்கு வந்து இலங்கை அணியோடு ஆடியது. அன்று இலங்கையும் அதே வாசலில் காத்திருந்த நாடுதான். நமக்கு அந்த வாசல் திறக்க 1981 வரை போனது.

இப்போது அந்தப் பக்கக் கேள்விக்கு வருவோம். 1950-51 பருவத்தில் பொதுநலவாய அணி ஒன்று இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. அதற்கு எதிராகப் பம்பாயில் ஆட, இந்தியப் பிரதமரின் பெயரில் ஓர் அணி அமைக்கப்பட்டது. அந்த அணியில் பாகிஸ்தானியரான இம்தியாஸும் சேர்க்கப்பட்டார். பிரிவினை முடிந்து நான்கு வருடம்கூட ஆகவில்லை. இரு பக்கமும் இரத்தமும் அகதி முகாம்களும் மறக்கப்படாத காலம். இம்தியாஸ் அங்கே போய் ஆட்டமிழக்காமல் 300 ஓட்டங்கள் எடுத்தார்.

அடுத்த வருடம், 1952 ஒக்டோபரில், பாகிஸ்தான் தன் முதல் டெஸ்ட் போட்டியை டில்லியில் இந்தியாவுக்கு எதிராக ஆடியது. அந்தப் பதினொரு பேரில் இம்தியாஸும் ஒருவர். நேற்று இந்தியப் பிரதமரின் அணிக்கு முந்நூறு அடித்தவர் இன்று இந்தியாவைத் தோற்கடிக்க இறங்கினார். இதில் எந்த முரணும் இல்லை. அழைத்த இடத்தில் நேர்மையாக ஆடினார். தன் நாடு அழைத்தபோது அடுத்த பத்து வருடம் ஏறக்குறைய ஒரு போட்டியும் விடாமல் நின்றார்.

ஆரம்பத்தில் கையுறை அவரிடம் இருக்கவில்லை. பதினேழு வயது ஹனீஃப் முஹம்மதுதான் விக்கெட் காத்தார். அந்தத் தொடரிலேயே பொறுப்பு இம்தியாஸிடம் வந்தது. அதன்பின் அவர் ஓய்வுபெறும் வரை அது அவருடையதாகவே இருந்தது.

அந்தப் பொறுப்பு என்ன என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளில் 90 ஓவர் வீசினால் காப்பாளர் 540 தடவை குந்தி எழ வேண்டும். ஒவ்வொரு தடவையும் பந்து தன்னிடம்தான் வரும் என்று நினைத்தே குந்த வேண்டும். நூறு பந்தை அழகாகப் பிடித்தாலும் யாரும் குறித்துவைக்க மாட்டார்கள். ஒன்றை விட்டால் மறுநாள் பத்திரிகையில் வரும். பாகிஸ்தானின் பெரிய பந்துவீச்சாளர் பஸல் மஹ்மூத் பந்தை விழுந்த பின் வெட்டித் திருப்புவதில் மன்னர். கயிற்று விரிப்புத் தளங்களில் அவருடைய பந்து எப்படி எழும்பும் என்று துடுப்பாட்ட வீரருக்கே தெரியாது. அதைப் பின்னால் நின்று பிடிப்பது இம்தியாஸின் வேலை.

1954 ஓகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் பாகிஸ்தான் இங்கிலாந்தை 24 ஓட்டங்களால் வென்றது. இங்கிலாந்துக்குப் போன முதல் பயணத்திலேயே அங்கு ஒரு டெஸ்டை வென்ற முதல் நாடு பாகிஸ்தான்தான். பஸல் 12 விக்கெட் எடுத்தார். வரலாறு அவர் பெயரைச் சொல்கிறது, அது சரியானதே. அதே போட்டியில் விக்கெட்டுக்குப் பின்னால் ஏழு பிடிகள் எடுத்தவர் இம்தியாஸ்.

துடுப்பாட்டத்தில் அவருக்கு நிலையான இடம் என்று ஒன்று இருந்ததில்லை. அணிக்கு எங்கே ஆள் தேவையோ அங்கே இறங்கினார். 1955 ஒக்டோபரில் லாகூரில் நியூஸிலாந்துக்கு எதிராக அவர் எட்டாவது ஆளாக வந்தார். நியூஸிலாந்து 348 எடுத்திருந்தது. பாகிஸ்தான் 6 விக்கெட்டுக்கு 111. அந்த நிலையில் வக்கார் ஹஸனோடு சேர்ந்து ஏழாவது விக்கெட்டுக்கு 308 ஓட்டங்கள் குவித்தார். வக்கார் 189 எடுத்தார். இம்தியாஸ் 209. பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் இரட்டைச் சதம் அதுதான். உலகில் ஒரு விக்கெட் காப்பாளர் டெஸ்டில் அடித்த முதல் இரட்டைச் சதமும் அதுதான். பாகிஸ்தான் 4 விக்கெட்டுகளால் வென்றது. எட்டாவது இடத்தில் இறங்கி எடுத்த அந்த 209ஐ 1996இல் வசீம் அக்ரம் தாண்டும் வரை யாரும் தாண்டவில்லை. நமது குமார் சங்கக்காரவும் அன்டி ஃபிளவரும் காப்பாளராக நின்று இரட்டைச் சதம் அடித்த காலத்துக்குப் பல பத்தாண்டுகள் முன்பே இந்தப் பாதை போடப்பட்டுவிட்டது.

1958இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனபோது அவரை ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக அனுப்பினார்கள். ரோய் கில்கிறிஸ்ட் போன்றவர்களின் வேகத்துக்கு முன்னால் தலைக்கவசம் இல்லாமல் நின்றார். மார்பளவு எழும்பும் பந்தைத் திரும்பி அடிக்கும் ஹூக் அடி அவருடைய அடையாளம். பிரிட்ஜ்டவுனில் ஹனீஃப் 970 நிமிடம் நின்று 337 எடுத்த இன்னிங்ஸை உலகம் இன்றும் பேசுகிறது. அந்த இன்னிங்ஸ் ஆரம்பமானது 152 ஓட்டங்கள் கொண்ட முதல் விக்கெட் இணைப்பாட்டத்தோடு. மறுமுனையில் நின்று 91 எடுத்தவர் இம்தியாஸ்.

கிங்ஸ்டன் டெஸ்டில் அவர் 122 ஓட்டங்கள் எடுத்தார். அதன்பின் கையுறையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். மேற்கிந்தியத் தீவுகள் 3 விக்கெட்டுக்கு 790 எடுத்தது. கார்பீல்ட் சோபர்ஸ் ஆட்டமிழக்காமல் 365 எடுத்து உலக சாதனை படைத்தார். பாகிஸ்தான் பந்துவீச்சாளர்கள் காயத்தால் ஒவ்வொருவராக விழுந்தார்கள். காப்பாளருக்கு மாற்று ஆள் கிடையாது. 200 ஓவர்களுக்கு மேல், அதாவது 1,200 தடவைக்கு மேல், இம்தியாஸ் குந்தி எழுந்தார். சோபர்ஸின் 365ஐப் படிக்கும்போது இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

1961 ஜனவரியில் அவர் சென்னைக்கு வந்தார். அப்போது டெஸ்ட் போட்டிகள் கோர்ப்பரேஷன் மைதானத்தில் நடந்தன. ஹனீஃபோடு இறங்கி முதல் விக்கெட்டுக்கு 162 சேர்த்து, தான் 135 எடுத்தார். அவருடைய மூன்றாவது டெஸ்ட் சதம் அது. கடைசிச் சதமும் அதுவே. அந்தத் தொடரின் ஐந்து போட்டிகளும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. 1954-55 தொடரிலும் அப்படியே ஐந்தும் சமநிலை. தோற்றால் நாட்டுக்கே அவமானம் என்ற பயம் இரு அணிகளையும் கட்டிப்போட்டிருந்தது. எந்தப் பக்கம் என்ற கேள்வி மைதானத்துக்குள் வந்துவிட்டால் விளையாட்டு எப்படிச் செத்துப்போகும் என்பதற்கு அந்தப் பத்து டெஸ்டுகளும் சாட்சி. அதன்பின் இரண்டு யுத்தங்கள் வந்தன. இரு நாடுகளும் மீண்டும் டெஸ்ட் ஆட 1978 வரை போனது.

இம்தியாஸுக்கு நான்கு டெஸ்ட்களில் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. இரண்டு தோல்வி, இரண்டு சமநிலை, வெற்றி இல்லை. 1962 இங்கிலாந்துப் பயணத்துக்கு 24 வயது ஜாவிட் பேர்க்கியைத் தலைவராக்கினார்கள். முன்னாள் தலைவர் அந்த இளைஞரின் கீழ் மீண்டும் கையுறையை மாட்டிக்கொண்டார். பாகிஸ்தான் தொடரை 4-0 என்று இழந்தது. ஓவலில் நடந்த ஐந்தாவது டெஸ்டே அவருடைய கடைசி டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 49; கடைசி இன்னிங்ஸில் 98. எட்டு வருடம் முன்பு ஏழு பிடிகளோடு சரித்திரம் படைத்த அதே மைதானத்தில், இரண்டு ஓட்டங்கள் குறைவாகப் பயணம் முடிந்தது. 41 டெஸ்ட், 2,079 ஓட்டங்கள், 77 பிடிகள், 16 ஸ்டம்பிங். முதல்தரப் போட்டிகளில் 22 சதங்கள்.

விமானப்படை அதிகாரியாகப் பணியாற்றினார். 1966இல் பாகிஸ்தான் அரசின் உயர் விருது ஒன்று கிடைத்தது. பல வருடங்கள் தெரிவுக்குழுவில் இருந்து, 1976 முதல் 1978 வரை அதன் தலைவராகவும் இருந்தார். இளையோர் கிரிக்கெட்டுக்கும், முதுமையில் பெண்கள் கிரிக்கெட்டுக்கும் உழைத்தார். 2016 டிசம்பர் 31ஆம் திகதி, பிறந்த லாகூரிலேயே காலமானார். அவரோடு 308 ஓட்டங்கள் சேர்த்த வக்கார் ஹஸன், அந்த முதல் டெஸ்ட் அணியின் கடைசி ஆளாக 2020 வரை வாழ்ந்தார்.

நமது மலையகத்தில் கிரிக்கெட் புதிதல்ல. தோட்டத்துரைமார் 1868இலேயே டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகத்தைத் தொடங்கிவிட்டார்கள். தரவளையிலும் நானுஓயா ரதெல்லவிலும் பச்சை மைதானங்கள் இருந்தன. தோட்டத்துப் பிள்ளையும், நகரத்துக் கடைக்காரரின் பிள்ளையும் வெகுகாலம் அவற்றை வேலிக்கு வெளியே நின்றே பார்த்தார்கள். இன்று உள்ளே போக முடிகிறது. ஆனாலும் ஒரு சிறுவன் ஹட்டனிலிருந்து தேசிய அணிக்குப் போகும் பாதை இன்னும் நீளமானது. அந்தப் பாதையில் நடக்கும் நமது பிள்ளையிடம் ஓட்டக் கணக்கைக் கேட்பதற்கு முன்னால் பக்கத்தைக் கேட்பது அநியாயம்.

பாகிஸ்தான் வீரரின் நல்ல அடிக்கும், இந்திய வீரரின் நல்ல பந்துக்கும், அவுஸ்திரேலியரின் நல்ல பிடிக்கும் கைதட்டலாம்; திறமையை ரசிப்பதில் குற்றம் எதுவும் இல்லை. அதேநேரம் நமது பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லிக்கொடுக்க வேண்டும். இலங்கையின் சட்டையைப் போட்டுக்கொள்ளும் நாள் வரும் என்று நினைத்து இன்றே தயாராகு. யாரும் நிற்க விரும்பாத இடம் கிடைத்தால் அங்கே நில். எட்டாவதாக இறக்கினாலும் இறங்கு. வாப்பாமார் சனிக்கிழமை பின்னேரங்களில் கடையை ஒரு மணி நேரம் வேறொருவரிடம் விட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கும் அந்தச் சின்னவன் எத்தனை பந்தைப் பிடித்தான் என்று ஒருவராவது எண்ணிக் குறித்துவைத்தால், அதுவே அவனுக்குப் பெரிய தெம்பு.