பசித்த பிள்ளைகளுக்காக ஒரு கால்பந்துக் குழு



விளையாட்டு என்றாலே நமக்கு முதலில் நினைவுக்கு வருவது வெற்றியும் கோப்பையும்தான். வென்றவரைத் தோளில் தூக்குகிறோம், தோற்றவரை மறந்துவிடுகிறோம். ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பதற்கென்றே ஒரு கால்பந்துக் கழகத்தைத் தொடங்கினார் ஒரு துறவி. அவர்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக் கழகம் உருவாகக் காரணமாயிருந்த அருட்சகோதரர் வால்ஃப்ரிட்.

அவருடைய இயற்பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். 1840-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் அயர்லாந்தின் ஸ்லைகோ மாவட்டத்திலுள்ள பாலிமோட் என்னும் ஊரில் பிறந்தார். அவருக்கு ஐந்து வயதானபோது உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து, நாடெங்கும் கொடும் பஞ்சம் பரவியது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதைவிட அதிகமானோர் பிழைப்பு தேடிக் கப்பலேறினர். ஆண்ட்ரூவும் இளம் வயதிலேயே கிளாஸ்கோவுக்கு வந்தார். 1864-இல் புனித மார்சலின் ஷாம்பாஞா தொடங்கிய மரிஸ்ட் சகோதரர்கள் சபையில் சேர்ந்து, வால்ஃப்ரிட் என்னும் துறவறப் பெயரைப் பெற்றார்.

பின்னர் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் திரு இருதயப் பள்ளிக்குத் தலைமையாசிரியரானார். அங்கே நெருக்கமான குடியிருப்புகளில் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்கள் வறுமையில் வாடின. பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வந்தார்கள். பசியோடு இருப்பவனுக்குப் பாடம் ஏறாது என்பதை வால்ஃப்ரிட் நன்கு உணர்ந்திருந்தார். வேறு சபையினரின் இலவச உணவு விடுதிகளுக்குப் போகும் பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தை இழந்துவிடுவார்களோ என்ற கவலையும் அவருக்கு இருந்தது. எனவே வின்சென்ட் தே பவுல் சபையாரின் துணையோடு ஏழைப் பிள்ளைகளுக்கான உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு பென்னிக்கு வயிறார உணவு கிடைக்கும். வீட்டிலிருந்து ரொட்டி கொண்டுவந்தால் அரைப் பென்னிக்கு ஒரு பெரிய கிண்ணம் சூப் கிடைக்கும். அதையும் கொடுக்க இயலாதவர்களுக்கு இலவசம். சிறு காசையாவது பெற்றுக்கொண்டதால், பெற்றோரின் தன்மானமும் காக்கப்பட்டது.

ஆனால் நாள்தோறும் உணவளிக்கப் பணம் வேண்டுமே! 1887-இல் எடின்பரோ நகரின் ஐரிஷ் மக்களுடைய ஹிபர்னியன் குழு ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. அந்த மகிழ்ச்சியைக் கிளாஸ்கோ மக்களும் கொண்டாடினார்கள். கால்பந்து இத்தனை மக்களை ஒன்றுசேர்க்கும் என்றால், அந்தக் கூட்டத்தின் நுழைவுக் கட்டணம் பிள்ளைகளுக்கு உணவாகலாம் அல்லவா? அதே ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் புனித மரியன்னை ஆலய மன்றத்தில் கூடியவர்கள் புதிய கழகத்தைத் தொடங்கினார்கள். செல்டிக் என்ற பெயரை வால்ஃப்ரிட்தான் முன்வைத்தார். அயர்லாந்தினருக்கும் ஸ்காட்லாந்தினருக்கும் பொதுவான வேரைச் சுட்டும் பெயர் அது. மக்களே மண் சுமந்து மைதானத்தை உருவாக்கினார்கள்.

1888-ஆம் ஆண்டு மே 28-ஆம் நாள் முதல் போட்டி நடந்தது. ரேஞ்சர்ஸ் குழுவை 5-2 என்று செல்டிக் வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு குழுவினரும் அதே ஆலய மன்றத்தில் ஒன்றாக அமர்ந்து உணவருந்தினார்கள். பிற்காலத்தில் இவ்விரு குழுக்களின் ஆதரவாளர்களிடையே மதத்தின் பெயரால் வளர்ந்த பகையை நினைக்கும்போது, அந்த முதல் விருந்து நம் நெஞ்சைத் தொடுகிறது.

கழகம் வேகமாக வளர்ந்தது. 1892-இல் முதன்முறையாக ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. ஆனால் வெற்றியோடு சோதனையும் வந்தது. மைதானத்தின் உரிமையாளர் ஆண்டு வாடகையை 50 பவுண்டிலிருந்து 450 பவுண்டாக உயர்த்தினார். கழகம் புதிய மைதானத்துக்கு மாறவேண்டியதாயிற்று. நல்ல ஆட்டக்காரர்களைத் தக்கவைக்கவும் பணம் தேவைப்பட்டது. பிள்ளைகளின் உணவுக்குச் சென்ற தொகை குறைந்துகொண்டே வந்தது. 1892-இல் சபைத் தலைமை வால்ஃப்ரிட்டை இலண்டனுக்கு மாற்றியது. அவர் கீழ்ப்படிந்து சென்றார். 1897-இல் கழகம் லிமிடெட் கம்பெனியாக மாறியது. இலாபம் முதலீடு செய்தவர்களின் கைக்குப் போனது. கோப்பைகள் அலமாரியில் நிறைந்தன. ஆனால் எந்தப் பிள்ளைகளுக்காகக் கழகம் பிறந்ததோ, அவர்கள் மறக்கப்பட்டார்கள்.

யாரும் தீய எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. வென்றால்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தால்தான் பணம் வரும், பணம் வந்தால்தான் வெல்ல முடியும் என்ற கணக்கு ஒவ்வொரு படியிலும் சரியாகத்தான் தோன்றியது. அந்தக் கணக்கில் பசித்த பிள்ளை எப்போது விடுபட்டுப்போனான் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

வால்ஃப்ரிட் மனம் தளரவில்லை. இலண்டனின் கிழக்குப் பகுதியிலும் ஏழைச் சிறுவர்களைத் தேடிச்சென்றார், அவர்களுக்கும் விளையாட்டுகளை ஏற்பாடு செய்தார். அங்கே கோப்பையும் இல்லை, புகழும் இல்லை. முதுமையில் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரிலுள்ள சபை இல்லத்துக்குத் திரும்பி, 1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். சபைச் சகோதரர்களின் கல்லறைத் தோட்டத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

1967-இல் செல்டிக் கழகம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. 1995-இல் தன் தொடக்க நோக்கத்தை நினைவுகூர்ந்து ஓர் அறநிதியை ஏற்படுத்தியது. 2005-இல் அக்கழகத்தின் மைதான வாயிலில் வால்ஃப்ரிட்டின் சிலை நிறுவப்பட்டது. கையில் பந்தோ கோப்பையோ இல்லாமல், துறவற உடையில் அவர் அமர்ந்திருக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, வெல்வதற்காக விளையாடுவது தவறல்ல. வால்ஃப்ரிட்டின் குழுவும் வெல்லத்தான் விளையாடியது. ஆனால் அந்த வெற்றி யாருக்காக என்ற கேள்வி மறைந்துவிடக் கூடாது. நாமும் குழுக்கள் அமைக்கிறோம், போட்டிகள் நடத்துகிறோம், பரிசுக்காக நன்கொடை திரட்டுகிறோம். அடுத்த முறை கணக்கு எழுதும்போது, பரிசுத் தொகைக்கு முன்பாக ஓர் ஏழைப் பிள்ளையின் பெயரை முதல் வரியில் எழுதுவோமா?