எழுத்தைச் சாய்த்த ஆல்டஸ்

கையடக்க நூலை எடுத்துச்சென்று மரத்தடியில் படிக்கும் நமக்கு அவ்வழியைக் காட்டிய முன்னோடி ஆல்டஸ் மனூஷியஸ்.

ரோமுக்குத் தெற்கே பஸ்ஸியானோ என்னும் சிற்றூரில் பிறந்தவர். கார்ப்பி அரசகுடும்பத்துச் சிறுவர்களுக்கு ஆசிரியராயிருந்தார். ஏறக்குறைய நாற்பது வயதில் வெனிஸ் நகரம் சென்று அச்சுத்தொழிலில் இறங்கினார். 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலைக் கிரேக்க மொழியிலேயே ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார்.

அக்கால நூல்கள் பல மேசைமேல் விரித்துப் படிக்கும் பெரும் ஏடுகள். 1501-இல் ஆல்டஸ் வர்ஜிலின் கவிதைகளைச் சிறு நூலாக்கினார். கற்றோர் விரைந்தெழுதும் கையெழுத்தைப்போல, அதன் எழுத்துக்கள் சாய்ந்து நெருங்கி நின்றன. அவற்றைச் செதுக்கியவர் பொலோனா நகரத்துப் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அந்நூலிலேயே அவர் கைத்திறனை ஆல்டஸ் போற்றினார். ஆனால் வெனிஸ் ஆட்சி வழங்கிய தனியுரிமை ஆல்டஸுக்கே கிடைத்தது. கிரிஃபோ பிரிந்து சென்றார்.

அவ்வுரிமை பிரான்சு நாட்டில் செல்லவில்லை. லியோன் நகர அச்சகத்தார் போலிப் பதிப்புகள் போட்டனர். 1503-இல் அவற்றின் பிழைகளைப் பட்டியலிட்டு ஆல்டஸ் எச்சரித்தார். அவர்களோ அப்பட்டியலைக் கொண்டே பிழைகளைத் திருத்திக்கொண்டனர்!

1515-இல் ஆல்டஸ் மறைந்தார். அவர் உடலைச் சுற்றி அவர் நூல்களையே அடுக்கினர். அன்று நூல் முழுதும் நிறைந்த சாய்வெழுத்து, பிற்காலத்தில் ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் துணையெழுத்தாயிற்று. எல்லா எழுத்தும் ஒரே அகலமுடைய கணிப்பொறித் திரையிலும், நிரலாளர் பலர் தம் குறிப்புரைகளைப் பிரித்தறிவது அச்சாய்வினால்தான். ஆல்டஸை வாழ்த்தும் நாம், உளி பிடித்த கிரிஃபோவையும் மறவாதிருப்போம்.