பூச்சிகளின் தூதைத் தேடிய ஏழை ஆசிரியர்

பாக் விரிகுடாவில், திருப்பாலைக்குடிக் கரையோரம் வாழும் நீந்தும் நண்டுகளில் ஓர் அதிசயம் உண்டு. பெண் நண்டு ஓடு கழற்றும் பருவத்தில் ஆண் நண்டு அதைத் தேடி வந்து, வயிற்றடியில் அணைத்துக் காக்கும். கலங்கிய நீரில் வழி காட்டுவது எது? பெண் நண்டு நீரில் கலந்துவிடும் ஒரு ரசாயனப் பொருள்தான்!

இத்தகைய தூதைத் துருவி ஆராய்ந்த பெருமை ஹென்றி பாப்ரே என்ற பிரெஞ்சு விஞ்ஞானிக்கு உண்டு.

வறுமையில் வளர்ந்தவர்

பாப்ரே 1823-ம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். எலுமிச்சம்பழம் விற்றும், கூலி வேலை செய்தும் வயிறு வளர்த்தார். உதவிச் சம்பளம் பெற்றுப் படித்து, ஆசிரியர் ஆனார்.

அவிஞோன் நகரில், மலர்கள் கருவுறும் விதத்தை இளம் பெண்களுக்குக் கற்பித்தார். அதுவே குற்றமாகிவிட்டது! எதிர்ப்புக் கிளம்பியது. வேலையையும், குடியிருந்த வீட்டையும் இழந்தார். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடன் கொடுத்துக் கைதூக்கி விட்டார்.

1879-ம் ஆண்டு செரிஞான் என்ற ஊரில் கல்லும் முள்ளும் நிறைந்த நிலம் ஒன்றை வாங்கினார். அதுவே அவரது ஆராய்ச்சிச்சாலை ஆயிற்று.

இரவு விருந்தாளிகள்

ஒரு மே மாதம் 6-ந் தேதி காலை, பெரிய மயில் அந்துப்பூச்சி ஒன்று கூட்டை விட்டு வெளிவந்தது. அது பெண். பாப்ரே அதைக் கம்பிவலைக் கூண்டில் வைத்தார். அன்றிரவு சுமார் 40 ஆண் பூச்சிகள் இருளில் பறந்து வந்து வீட்டை நிறைத்தன!

வாசனையா காரணம்? நாப்தலினை அருகில் வைத்துப் பார்த்தார். அந்த நெடியையும் மீறி ஆண் பூச்சிகள் வந்தன. பாப்ரே குழம்பினார்.

பிறகு வேறு இனத்துப் பெண் பூச்சி ஒன்றைக் கண்ணாடிக் கூண்டில் அடைத்து, எதிரிலேயே வைத்தார். ஆண்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதல் நாள் இரவு அது தங்கியிருந்த இடத்தைத்தான் மொய்த்தன. கண் அல்ல, மணமே வழிகாட்டி என்பது புலனாயிற்று. ஆனால் மனித மூக்குக்கு எட்டாத அந்தப் பொருள் எது என்று தெரியாமலே, 1915-ம் ஆண்டு பாப்ரே காலமானார்.

44 ஆண்டுகளுக்குப் பின்

1959-ம் ஆண்டு ஜெர்மானிய விஞ்ஞானி புடெனண்ட் விடை கண்டார். சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1995-ம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள், பல்லி போன்ற உருவமுள்ள நீர்ப்பிராணியான நியூட்டிலும் இத்தகைய தூதைக் கண்டனர். அங்கே ஆண்தான் தூது விடுகிறது!

இன்று தென்னந்தோப்புகளில் சிவப்புக் கூன்வண்டைப் பிடிக்க வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் இந்த உண்மையைக் கொண்டே வேலை செய்கிறது. வேலை இழந்த ஆசிரியரின் பூச்சிக்கூண்டு காட்டிய வழி, உழவருக்கும் உதவுகிறது.