நீலன் திருச்செல்வம்: சட்டத்தை நம்பிய ஒரு தமிழர்

ஜெனீவா என்கிற ஊர்ப் பெயர் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு சமயம் ரொம்பப் பரிச்சயம். 2013 மார்ச்சில் லயோலா கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அது மாநிலம் முழுக்கப் பரவி, இன்ஜினியரிங் கல்லூரிகள் உட்படப் பல கல்லூரிகளுக்கு விடுமுறை விட வேண்டியதாகிவிட்டது. இலங்கை பற்றி ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் வரப்போகிற தீர்மானம்தான் எல்லார் வாயிலும். அப்போது நம்ம சீனியர்கள் நிறைய பேர் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. சரி, ஜெனீவாவில் தீர்மானம் போட்டால் என்ன நடக்கும்? அங்கே போலீஸ் இருக்கா, சிறை இருக்கா? ஒரு நாட்டு அரசாங்கம் முடியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் யார் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்விக்குள்ளேயே வாழ்நாள் முழுக்க உழைத்த தமிழர் ஒருவர் இருந்தார். பெயர் நீலன் திருச்செல்வம். கொழும்புக்காரர். சட்ட அறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், மனித உரிமை ஆய்வு நிறுவனங்களைத் தொடங்கி வளர்த்தவர். அவர் இறந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. தமிழ்நாட்டில் அவர் பெயரைச் சொன்னால் இன்று தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களிலும் சிலர் அவரைத் துரோகி என்றே கேள்விப்பட்டிருப்பார்கள். அதனால்தான் இந்த இதழில் அவர்.

அப்பாவின் பாதை

நீலன் பிறந்தது 1944 ஜனவரி 31. அப்பா மு. திருச்செல்வம் பெரிய வழக்கறிஞர். இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். அப்புறம் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சிக்கு வந்தார். 1965-ல் டட்லி சேனநாயக்க அரசு அமைந்தபோது, கட்சியின் சார்பில் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். பேச்சுவார்த்தை நடத்தி, ஒப்பந்தம் போட்டு, சட்டத்தின் வழியாகத் தமிழர்களுக்கு அதிகாரம் வாங்கிவிடலாம் என்று நம்பிய தலைமுறை அது. மூன்றே வருடத்தில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. திருகோணமலைக் கோணேசர் கோயில் பகுதி தொடர்பான தகராறில் 1968-ல் அவர் பதவி விலகினார்.

ஒப்பந்தம் போடுவதும் அது நடைமுறைக்கு வராமல் போவதும் நீலனுக்குப் புத்தகத்தில் படித்த சங்கதி இல்லை, வீட்டுக்குள்ளேயே பார்த்தது. அதைப் பார்த்து வளர்ந்த பலர் வேறு முடிவுகளுக்குப் போனார்கள். இவர் சட்டம் படிக்கப் போனார்.

ஹார்வர்டில் கிராமத்து நியாயம்

கொழும்பு ராயல் கல்லூரி, இலங்கைப் பல்கலைக்கழகம், அப்புறம் அமெரிக்காவில் ஹார்வர்டு சட்டப் பள்ளி. முதுகலையும் முனைவர் பட்டமும் அங்கேதான். அவ்வளவு தூரம் போய் அவர் எடுத்துக்கொண்ட விஷயம் கொஞ்சம் ஆச்சரியமானது: இலங்கைக் கிராமங்களில் சின்னச் சின்னத் தகராறுகளைப் பேசித் தீர்த்த இணக்க சபைகள். நம்ம ஊர்ப் பஞ்சாயத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1958 முதல் இருபது வருடம் அவை இயங்கின. கோர்ட்டுக்குப் போக வசதியில்லாத சாதாரண ஆளுக்கு நியாயம் எங்கே கிடைக்கிறது, அந்த இடத்தில் யாருடைய குரல் எடுபடுகிறது, யாருடைய குரல் அமுங்குகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 1984-ல் அது புத்தகமாக வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவர் பின்னாடி செய்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் இருக்கிறது. சட்டம் நல்லதா கெட்டதா என்பதோடு அவர் நிற்கவில்லை. பாதிக்கப்பட்டவன் எந்தக் கதவைத் தட்டுவான், தட்டினால் திறக்குமா என்று பார்த்தார்.

உரிமை இருக்கு, யார்கிட்ட போய்க் கேட்பது?

இது புரிய ஜெனீவா வரைக்கும் போக வேண்டாம். முடிச்சூர் வரைக்கும் வந்தால் போதும். ஏரி, குளங்களில் ஆக்கிரமிப்பு இருந்தால் அகற்ற வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணி புகுந்தபோதும் அந்தச் சட்டம் இருந்தது. சட்டப் புத்தகத்தில் இருப்பது ஒன்று. மனு கொடுக்க ஓர் இடம், விசாரிக்க ஒரு ஆள், கேட்காவிட்டால் மேலே போக இன்னொரு இடம், இத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு கணக்கு, இதெல்லாம் வேறு. நம்ம பாஷையில் சொன்னால் டிசைன் வேறு, இம்ப்ளிமென்டேஷன் வேறு.

சர்வதேச மனித உரிமைச் சட்டத்திலும் இதே சிக்கல்தான், இன்னும் பெரிய அளவில். 1948-ல் ஐ.நா. மனித உரிமைப் பிரகடனம் வந்தது. அது பிரகடனம் மட்டும்தான். அதைக் கட்டுப்படுத்தும் சட்டமாக்க 1966-ல் உடன்படிக்கைகள் வந்தன. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979-லும் இலங்கை 1980-லும் சேர்ந்தன. ஆனா அந்த உடன்படிக்கையோடு தனியாக ஒரு விருப்ப நெறிமுறையும் உண்டு. அதில் சேர்ந்த நாட்டின் குடிமகன், உள்நாட்டில் எல்லாக் கோர்ட்டும் கைவிட்ட பிறகு, ஐ.நா.வின் மனித உரிமைக் குழுவுக்கு நேரடியாகப் புகார் எழுதலாம். இந்தியா இன்று வரை அதில் சேரவில்லை. இலங்கை 1997 அக்டோபரில் சேர்ந்தது. அப்போது நீலன் நாடாளுமன்றத்தில் இருந்தார்.

உள்நாட்டுக் கதவும் லேசானது இல்லை. இலங்கை அரசியலமைப்பின்படி, அடிப்படை உரிமை மீறப்பட்டால் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும்தான் போக முடியும். அதுவும் ஒரே மாதத்துக்குள். யுத்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு போனால், அவனுடைய அம்மா அவன் எந்த முகாமில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கவே அந்த மாதம் போதாது. அப்புறம் கொழும்புக்கு வந்து வக்கீல் பிடிப்பது எப்படி? 1996-ல் மனித உரிமை ஆணைக்குழுச் சட்டம் வந்தபோது இதற்கு ஒரு சின்ன வழி கிடைத்தது. ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் புகார் கொடுத்துவிட்டால், விசாரணை நடக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. பார்க்க ஒரு வரிதான். ஆனா அந்த அம்மாவுக்கு அந்த ஒரு வரிதான் சட்டம்.

இரண்டு நிறுவனங்கள்

1982-ல் இரண்டு நிறுவனங்கள் உருவாக நீலன் முக்கியக் காரணமாக இருந்தார். ஒன்று, இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம். இன்னொன்று, சட்டம் மற்றும் சமூகத்துக்கான அறக்கட்டளை. இரண்டும் கோஷம் போடுகிற அமைப்புகள் இல்லை. தரவு சேர்ப்பது, சட்டங்களை ஒப்பிடுவது, அறிக்கை எழுதுவது, இளம் ஆய்வாளர்களை வளர்ப்பது என்று பொறுமையான வேலை. தமிழர், சிங்களர், முஸ்லிம் என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்த இடங்கள், அதுவும் அந்தக் காலத்தில்!

இலங்கையில் நடந்த மனித உரிமை மீறல்களை வருடா வருடம் தொகுத்து அறிக்கையாக வெளியிடும் பழக்கத்தைச் சட்டம் மற்றும் சமூகத்துக்கான அறக்கட்டளை 1990-களில் தொடங்கியது. இனத்துவ நிலையத்தில் நீலனோடு சேர்ந்து வேலை பார்த்த ராதிகா குமாரசுவாமி, 1994-ல் பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஐ.நா.வின் முதல் சிறப்பு அறிக்கையாளரானார். இரண்டு பேரும் சேர்ந்து, பல இனங்கள் வாழும் சமூகங்களில் நீதித்துறையின் பங்கு பற்றி 1987-லேயே ஒரு நூலைத் தொகுத்திருந்தார்கள்.

1983

அரசியலுக்கு அவர் வந்தது தமிழர் விடுதலைக் கூட்டணி வழியாக. வட்டுக்கோட்டைத் தொகுதியில் உறுப்பினர் இறந்து காலியான இடத்துக்கு 1983-ல் கட்சி அவரை அனுப்பியது. தனி நாடு வேண்டும் என்று 1976-ல் கூட்டணி தீர்மானம் போட்ட அதே வட்டுக்கோட்டை.

அந்த ஜூலையில் கொழும்பில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். அடுத்த மாதமே அரசாங்கம் ஆறாவது திருத்தம் கொண்டுவந்தது. தனி நாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் உறுப்பினராக இருக்கலாம். கூட்டணி உறுப்பினர்கள் மறுத்தார்கள், பதவியை இழந்தார்கள். நீலனும் அவர்களில் ஒருவர். சில மாதங்களிலேயே முதல் பதவிக்காலம் முடிந்துபோனது. துரோகி என்று சொல்பவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிடுவார்கள்.

எரிக்கப்பட்ட வரைவு

1994-ல் சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்தார். நீலன் தேசியப் பட்டியல் வழியாக மறுபடி நாடாளுமன்றம் போனார். 1995 ஏப்ரலில் அரசுக்கும் புலிகளுக்கும் நடந்த பேச்சு முறிந்து யுத்தம் மறுபடி தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அரசு ஒரு அதிகாரப் பகிர்வுத் திட்டத்தை வெளியிட்டது. இலங்கையை ஒற்றையாட்சி என்று சொல்லாமல், பிராந்தியங்களின் ஒன்றியம் என்று சொன்ன திட்டம் அது. அமைச்சர் ஜி.எல். பீரிஸோடு சேர்ந்து அதை வடிவமைத்ததில் நீலனின் பங்கு பெரியது.

இரண்டு பக்கமும் எதிர்ப்பு. சிங்களத் தேசியவாதிகளுக்கு அது நாட்டைத் துண்டாடும் சதி. புலிகளுக்கு அது தமிழரை ஏமாற்றும் வேலை. ஒரு பக்கம் குண்டு போட்டுக்கொண்டே இன்னொரு பக்கம் அரசியலமைப்பு எழுதும் அரசாங்கத்தோடு ஒரு தமிழர் எப்படி உட்காரலாம் என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தை இழந்து இடம்பெயர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலித்திருக்கும் என்று நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட முடியாது.

நீலனின் கணக்கு வேறு மாதிரி. யுத்தத்தில் யார் ஜெயித்தாலும் சாதாரண ஜனம் உயிரோடு இருக்க வேண்டும். இருப்பவர்களுக்கு ஒரு சட்டம் வேண்டும். அதை யாராவது இப்போதே எழுதித் தயாராக வைக்க வேண்டும். இன்னொன்றிலும் அவர் பிடிவாதமாக இருந்தார். மனித உரிமை அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான். ராணுவம் செய்தால் குற்றம், நம்ம ஆட்கள் செய்தால் போராட்டம் என்று இரண்டு அளவுகோல் கிடையாது. 1999 ஜூனில் நாடாளுமன்றத்தில் பேசும்போதும் இதையே வேறு விதமாகச் சொன்னார்: மரணத்தைப் போற்றக் கூடாது, போர்க்களத்தில் நடந்தாலும் சரி, வேறெங்கு நடந்தாலும் சரி, உயிர் இல்லையென்றால் மற்ற உரிமை எதற்கும் அர்த்தமில்லை.

ஆறு வாரம்தான் ஆகியிருக்கும்.

ஜூலை 29

1999 ஜூலை 29, வியாழக்கிழமை. காலை ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலிருந்து காரில் கிளம்பினார். வீட்டுக்குப் பக்கத்திலேயே, கொழும்பு கின்ஸி சாலைச் சந்திப்பில், ஒரு தற்கொலைக் குண்டுதாரி அந்தக் காரின் மேல் பாய்ந்தார். நீலன் அங்கேயே இறந்தார். வயது 55. அரசும் மனித உரிமை அமைப்புகளும் புலிகளைத்தான் குற்றம்சாட்டின. லண்டனில் இயங்கும் சிறுபான்மையோர் உரிமைக் குழு என்ற சர்வதேச அமைப்பின் தலைமைப் பொறுப்பு அவருக்கு அப்போதுதான் வந்திருந்தது. சில வாரங்களில் ஹார்வர்டுக்குப் பாடம் நடத்தப் போவதாகவும் இருந்தார்.

ஒரு வருடம் கழித்து, 2000 ஆகஸ்டில், அவர் உழைத்த அரசியலமைப்பு வரைவு ரொம்பவே நீர்த்துப்போன வடிவத்தில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. எதிர்க்கட்சியினர் சபைக்குள்ளேயே பிரதிகளை எரித்தார்கள். ஓட்டெடுப்புக்கே விடாமல் அரசு கைவிட்டது.

கதவு மூடிய கதை

1997-ல் இலங்கை சேர்ந்த அந்த ஐ.நா. புகார் முறை என்ன ஆனது? பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட ஒரு தமிழர் அதைப் பயன்படுத்தினார். அவருக்குத் தெரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கைரேகை வைக்கப்பட்டு, அதை வைத்தே ஐம்பது வருடச் சிறை கொடுத்திருந்தார்கள். அப்பீலில் முப்பத்தைந்தாகக் குறைந்தது. சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலம் என்று அவர் சொன்னபோது, அதை நிரூபிக்கும் பொறுப்பையும் அவர் தலையிலேயே அந்தச் சட்டம் வைத்தது. ஐ.நா. குழு 2004-ல் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது. அந்த முடிவை எடுத்துக்கொண்டு அவர் இலங்கை உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பினார். 2006 செப்டம்பரில் கோர்ட் சொன்னது இது: ஜனாதிபதி அந்த நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண், ஐ.நா. குழுவின் முடிவு இங்கே செல்லாது.

அதைப் பார்க்க நீலன் இல்லை. இருந்திருந்தால் அதிர்ச்சி அடைந்திருப்பாரா? அப்பா காலத்திலிருந்தே கையெழுத்துகள் காற்றில் போவதைப் பார்த்தவர்தானே. அனேகமாக மறுநாளே அடுத்த மசோதாவை எழுத உட்கார்ந்திருப்பார்.

சீனியர்களின் கேள்விக்கு வருவோம். ஜெனீவாவில் போலீஸ் இல்லை. அங்கே சொல்வது நடக்க வேண்டுமென்றால் உள்நாட்டில் ஒரு கோர்ட், ஒரு ஆணையம், ஒரு சட்டப் பிரிவு, ஆதாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு ஆள் வேண்டும். இவை இல்லாத தீர்மானம் காகிதம்தான். நீலன் அந்த நான்கையும் கட்டப் பார்த்தார். பாதி கட்டினார்.

அவர் சரியா தவறா என்று சண்டை போடலாம், போட வேண்டும். அவருடைய அரசியலை ஏற்காத நண்பர்கள் நம்ம வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஆனா ஒரு தமிழர் பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடினார் என்பதற்காகக் கொல்லப்பட்டதை, அவர் எந்தக் கட்சி என்று பார்த்துவிட்டுத்தான் தப்பு என்போம் என்றால், 2013-ல் நம்ம சீனியர்கள் தெருவில் உட்கார்ந்து கேட்ட நீதிக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.