மலர் அறையில் ஒரு கட்டில்



குடிநோயாளரின் வானதூதர் என்று அமெரிக்க நாட்டில் புகழ்பெற்ற அருள்சகோதரி ஒருவர் இருந்தார். அவர் பெயர் மேரி இக்னேஷியா. உலகெங்கும் ஏ.ஏ. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்களில் இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறார்கள். அவர் மருத்துவரல்லர், பெரிய பேச்சாளருமல்லர். ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்து படுக்கை ஒதுக்கும் மேசையில் அமர்ந்திருந்தவர். அந்த மேசையிலிருந்து அவர் செய்தது என்ன என்பதை இந்த வாரம் நாம் சிந்திப்போம்.

இவர் 1889ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பிரிட்ஜெட். ஏழு வயதில் குடும்பத்தோடு கப்பலேறி, ஒஹாயோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகருக்கு வந்து சேர்ந்தார். இசையில் நல்ல தேர்ச்சி பெற்று, இசை ஆசிரியையாகச் சம்பாதிக்கவும் தொடங்கினார். 1914இல் தம் 25ஆம் வயதில் தூய அகுஸ்தினார் பிறரன்புச் சகோதரிகள் சபையில் சேர்ந்தார். சபையிலும் அவருக்குக் கிடைத்தது இசை கற்பிக்கும் பணிதான்.

அந்தப் பணியே அவரை முறித்துப் போட்டது. எதையும் குறையின்றிச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதமும், ஓய்வில்லாத உழைப்பும் சேர்ந்து, 1927இல் உடலும் மனமும் ஒருசேரத் தளர்ந்து மருத்துவமனையில் படுத்துவிட்டார். தேறி எழப் பல மாதங்கள் ஆயின. உயிர் வேண்டுமானால் இசைப் பணியை விட்டுவிட வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தமக்கு மிகவும் தெரிந்த ஒன்றை இழந்தவராக, 1928இல் ஆக்ரன் நகரில் புதிதாகத் திறக்கப்பட்ட புனித தோமையார் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். இலேசான வேலை என்று கருதி அவரைப் பதிவு மேசையில் உட்கார வைத்தார்கள்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இந்தப் பகுதியை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. கட்டிலில் கிடந்து, மற்றவர்கள் நம்மைப் பற்றி நம் தலைக்கு மேலே பேசி முடிவெடுப்பதைக் கேட்டுக்கொண்டு, இனி நான் எதற்கும் பயன்படுவேனா என்று ஏங்கும் நிலையை அவர் அனுபவித்தவர். பின்னாளில் தம் மேசைக்கு முன் நடுங்கும் கைகளோடு வந்து நின்றவர்களை அவர் எப்படிப் பார்த்தார் என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

அக்காலத்தில் குடிநோயாளியை நோயாளி என்று பெரும்பாலான மருத்துவமனைகள் ஏற்கவில்லை. வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர் சிறைக்கோ மனநல விடுதிக்கோதான் போக வேண்டும். பணம் உள்ளவர்களுக்குத் தனியார் விடுதிகள் இருந்தன. போதை தெளிந்ததும் வீட்டுக்கு அனுப்புவார்கள், சில வாரங்களில் மீண்டும் வந்து சேர்வார்கள்.

இந்நிலையில் 1935 மே மாதத்தில் அதே ஆக்ரன் நகரில் ஒரு சந்திப்பு நடந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்பவர், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர், தொழில் விஷயமாக வந்து தோல்வியடைந்து ஓட்டலில் தனியே நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியின் பக்கம் போனார். ஆலயங்களின் பட்டியலைப் பார்த்துப் போதகர்களை அழைத்தார். தமக்கு அறிவுரை சொல்லும்படி அல்ல. தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரைக் காட்டும்படி கேட்டார்! அவ்வாறு அறிமுகமானவர்தான் அறுவை மருத்துவர் இராபர்ட் ஹால்புரூக் ஸ்மித், எல்லாருக்கும் டாக்டர் பாப். தம் குடியாலேயே தொழிலும் மதிப்பும் சரிந்துகொண்டிருந்தவர். இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அவ்வாண்டு சூன் 10ஆம் நாளை டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாக ஏ.ஏ. இயக்கம் தன் பிறந்தநாளெனக் கொண்டாடுகிறது.

இருவரும் கண்டுகொண்ட உண்மை எளியது. விழுந்து எழுந்தவன் சொன்னால், விழுந்து கிடப்பவன் கேட்கிறான். அது மட்டுமன்று, சொல்பவனும் சொல்வதாலேயே காக்கப்படுகிறான். மருத்துவர் பாதி, போதகர் பாதி என்று அதுவரை பங்கு போட்டிருந்த பணியில், நோயாளிக்கே ஓர் இடம் உண்டு என்பது அன்று புதுமை. இன்று இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் போதை மீட்பு மையங்களைத் திட்டமிடும்போதும் நடத்தும்போதும் அங்கே சிகிச்சை பெறுவோரின் குரலைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். அப்படி எந்தப் பேச்சும் இல்லாத காலத்தில் அதைச் செய்து காட்டிய கத்தோலிக்க மருத்துவமனை ஒன்று உண்டு என்பது நமக்குப் பெருமை.

டாக்டர் பாப் முதலில் தம் நோயாளிகளை வேறு மருத்துவமனைகளில் சேர்த்து வந்தார். புளித்த முட்டைக்கோசும் தக்காளியும் சோளப்பாகும் கொடுத்துத் தேற்றுவாராம். (இன்றைய மருத்துவர்கள் சிரிக்கலாம்; அன்று கையில் இருந்தது அவ்வளவுதான்.) சத்தம் போடுகிறவர்கள், கட்டணம் கட்டாதவர்கள் என்று அங்கே கதவுகள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. அப்போது, தாமே ஒரு குடிநோயாளி என்ற உண்மையைச் சகோதரி இக்னேஷியாவிடம் அவர் மனந்திறந்து சொன்னார். அவர் கத்தோலிக்கர் அல்லர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் அந்த வேறுபாடு இப்போது போல் எளிதாகக் கடக்கக்கூடியதாய் இல்லை.

1939 ஆகஸ்டு 16 அன்று முதல் நோயாளி வந்தார். கடுமையான இரைப்பை அழற்சி என்று எழுதிச் சகோதரி அவரைப் பதிவு செய்தார். நன்னெறி இறையியல் படித்தவர்கள் இவ்விடத்தில் புருவம் உயர்த்தலாம். எது பொய், எது மறைத்தல் என்று குருமடத்தில் எங்களுக்குப் பல மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நாள்கணக்கில் குடித்தவரின் வயிறு அழன்றுதான் இருக்கும். எழுதியது உண்மை, எழுதாமல் விட்டதும் உண்மை. என்னைக் கேட்டால், அந்த ஒரு வரியை எழுதாதிருந்தால்தான் சகோதரி பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

மறுநாள் டாக்டர் பாப் இன்னொரு வேண்டுகோளோடு வந்தார். இந்த நோயாளியைப் பார்த்துப் பேச ஆட்கள் வருவார்கள், ஆகவே தனியிடம் வேண்டும் என்றார். வருகிறவர்கள் யார்? எல்லாரும் முன்னாள் குடிகாரர்கள். மருத்துவமனையில் இடமில்லை. நோயாளிகளுக்கு வரும் மலர்களை வைத்து அடுக்கும் சிறிய அறை ஒன்று இருந்தது. சகோதரி கட்டிலை அந்த அறைக்குள் தள்ளிக்கொண்டு போகச் செய்தார். மலர்களுக்கு நடுவே அந்த மனிதர் படுத்திருக்க, ஏ.ஏ. நண்பர்கள் வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள்.

சகோதரி கண்மூடித்தனமாக நம்பியவர் அல்லர். இவர்கள் யார், எதைப் போதிக்கிறார்கள் என்று அறிந்து வரும்படி ஓர் இளம் குருவானவரைக் கூட்டத்திற்கு அனுப்பினார். அவர் போய்ப் பார்த்து நல்ல செய்தியோடு திரும்பினார். காலப்போக்கில் மேலாளர் சகோதரிகளின் ஆதரவும் கிடைத்து, குடிநோயாளருக்கென்றே தனி வார்டு அமைந்தது. ஆலயத்தின் மாடப் பகுதி அருகிலேயே இருந்ததால், நோயாளிகள் மருத்துவமனை உடையோடே போய்ச் செபிக்க முடிந்தது.

அந்த வார்டின் நடைமுறையைக் கவனியுங்கள். ஐந்து நாள் சிகிச்சை. முதல் நாள் வரவேற்பு, இரண்டாம் நாள் தன் நிலையை உணர்தல், மூன்றாம் நாள் ஆன்மச் சோதனை, நான்காம் நாள் உறுதி எடுத்தல், ஐந்தாம் நாள் வெளியே போய் எப்படி வாழ்வது என்ற திட்டம். ஒரு நல்ல தியானத்தின் ஒழுங்கு இதில் தெரிகிறது அல்லவா? ஆனால் தியானம் கொடுத்தவர்கள் குருக்கள் அல்லர். ஒவ்வொரு நோயாளியும் ஒரு ஸ்பான்சரோடு, அதாவது ஏற்கெனவே குடியை விட்டு அவருக்குப் பொறுப்பேற்கும் ஒரு தோழரோடுதான் வர வேண்டும். பார்வையாளர் என்று அனுமதிக்கப்பட்டவர்களும் ஏ.ஏ. உறுப்பினர்களே. காபி எப்போதும் தயாராக இருக்கும். நேற்று வரை அதே கட்டிலில் கிடந்தவர் இன்று வந்து பக்கத்தில் அமர்ந்து பேசுவார். நேற்றைய நோயாளியை இன்றைய பணியாளராகச் சகோதரி மாற்றிக்கொண்டார்.

ஒரே ஒரு முறைதான் சேர்ப்பது என்ற விதியும் இருந்தது. இது கடுமையாகத் தோன்றலாம். எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்ன ஆண்டவரின் சீடர் இப்படிச் செய்யலாமா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் படுக்கைகள் குறைவு, காத்திருந்தோர் பலர். மேலும், மறுபடி விழுந்தவரைத் தூக்கும் பொறுப்பை அவர் மருத்துவமனையிடமிருந்து தோழர்களிடம் ஒப்படைத்தார். கட்டில் ஒருமுறை, நண்பர்கள் எப்போதும்.

வீடு திரும்புகிறவர் கையில் திருஇருதய ஆண்டவரின் சிறு பேட்ஜ் ஒன்றைச் சகோதரி கொடுப்பார். நிபந்தனை ஒன்றுதான். மீண்டும் குடிக்க முடிவு செய்தால், முதல் மிடறுக்கு முன் அதை நேரில் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். சத்தியம் வாங்குவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. சத்தியத்தை மீறியவன் பயந்து ஒளிந்துகொள்வான். பேட்ஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டியவனோ சகோதரியின் முகத்தைப் பார்க்க வந்தாக வேண்டும்.

நம் பங்குகளை நினைத்துப் பார்க்கிறேன். திருப்பலி முடிந்ததும் சக்ரீஸ்து வாசலில் காத்திருந்து, வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லும்படி கேட்கும் தாய்மார் எத்தனை பேர்! சாமி சொன்னால் கேட்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. அவரும் வருவார், தலைகுனிந்து நிற்பார், மாதா மேல் ஆணையிடுவார். வேளாங்கண்ணிக்கு மாலை போட்டிருக்கும் நாள்களில் தொடவும் மாட்டார். மாலை கழற்றிய மறுநாள் கதை பழையபடிதான். இதில் அவருடைய பக்தி போலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புத்தி சொல்ல நாம் இருக்கிறோம், சிகிச்சைக்கு மருத்துவர் இருக்கிறார், அழுவதற்கு மனைவி இருக்கிறார். அவருக்குச் செய்யக் கொடுத்த வேலை என்ன? குடியை விட்டுப் பத்து ஆண்டு ஆனவர் ஒருவர் அதே தெருவில் இருப்பார். அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பழையதைக் கிளற வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். பேய்களிடமிருந்து விடுபட்ட கெரசேனரோ ஆண்டவரோடு வரவே விரும்பினார். ஆண்டவர் அவரை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்பி, தமக்கு நடந்ததைச் சொல்ல வைத்தார் (மாற்கு 5). அந்த ஊருக்கு அவரைவிடப் பொருத்தமான தூதர் வேறு யார் கிடைத்திருப்பார்?

ஏ.ஏ. கூட்டங்கள் நம் தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் கேட்பதில்லை, எந்த மதத்தவரும் வரலாம். அவர்களுக்குத் தேவை வாரத்தில் ஓர் இரண்டு மணி நேரம், நாற்காலிகள், ஒரு மின்விளக்கு. பங்கு மன்றங்களில் இது இல்லாமலா போய்விட்டது?

டாக்டர் பாப் 1950 நவம்பர் 16 அன்று காலமானார். அதற்குள் அவரும் சகோதரியும் சேர்ந்து சுமார் 5,000 பேரைக் கவனித்திருந்தார்கள்; டாக்டர் தம் பணிக்கு அவர்களிடம் காசு வாங்கியதில்லை. அவர் உயிரோடிருந்த காலத்திலேயே மருத்துவமனையில் ஒரு நன்றிப் பலகை பதிக்க நண்பர்கள் விரும்பியபோது, தம் பெயரை அதில் பொறிக்கக் கூடாது என்று சகோதரி பிடிவாதமாக மறுத்தார். பொதுவாகச் சகோதரிகளுக்கும் பணியாளர்களுக்கும் நன்றி சொல்வதாகவே அது அமைந்தது.

1952இல் சபை அவரைக் கிளீவ்லாந்தில் இருந்த தூய வின்சென்ட் மருத்துவமனைக்கு மாற்றியது. வயது 63. எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். பழைய வார்டு ஒன்றை இடித்துத் திருத்த வேண்டியிருந்தபோது, ஏ.ஏ. உறுப்பினர்களில் தச்சர்களும் குழாய் வேலை, மின்சார வேலை தெரிந்தவர்களும் பகலில் தங்கள் வேலையை முடித்துவிட்டு இரவில் வந்து உழைத்தார்கள். தாங்கள் படுத்துக் கிடந்த துன்பத்தை அறிந்தவர்கள், அடுத்து வரப்போகிறவனுக்கு இடம் கட்டினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த இடத்திற்குச் சகோதரி ரோசரி ஹால் சொலேரியம் என்று பெயரிட்டார். ஜெபமாலை மாதாவுக்கு வணக்கம் என்று எல்லாரும் எண்ணினார்கள், அதுவும் சரியே. ஆனால் அதன் முதலெழுத்துகள் ஆர், எச், எஸ். இராபர்ட் ஹால்புரூக் ஸ்மித் என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகளும் அவையே. தம் பெயரைப் பலகையில் வேண்டாமென்றவர், நண்பரின் பெயரை மாதாவின் பெயருக்குள் வைத்துவிட்டார்.

1961இல் அதிபர் கென்னடியின் வெள்ளை மாளிகையிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அவரோ நோயாளிகளின் படுக்கைகளைச் சுற்றி வருவதைத் தம் உடல்நலம் அனுமதித்த வரை விடவில்லை. 1966 ஏப்ரல் முதல் நாள், ரிச்பீல்டில் உள்ள சபையின் தாய் இல்லத்தில் தம் 77ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலிக்குப் பெருங்கூட்டம் வந்தது. அவரிடம் பேட்ஜ் வாங்கிச் சென்றவர்களும், அவர்களுடைய மனைவி மக்களும் அதில் இருந்தார்கள்.