கடற்படைத் தலைவர் கட்டாரி

நீலமலையில் குந்தாச் சாரலில் பொழியும் மழைநீர் குந்தா ஆறாகப் பாய்ந்து பவானியிற் கலக்கின்றது. பவானி காவிரியோடு கூடுகின்றது. காவிரி பூம்புகாரில் கடலை அடைகின்றது. மலையிற் பிறந்த நீர் கடலை எய்துவது போல, கடற்கரையில் பிறவாதவரும் கடலில் புகழ் எய்துதல் உண்டு. செங்கற்பட்டில் பிறந்து, இந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரான இராம்தாஸ் கட்டாரியின் வாழ்வே இதற்குச் சான்றாகும்.

கட்டாரி 1911ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் பிறந்தார். அக்காலத்துப் பெருங்கப்பல்களில் நம் நாட்டார் கரி அள்ளவும் கயிறு இழுக்கவும் அமர்த்தப்பட்டனர். கப்பலைச் செலுத்தும் அதிகாரமோ ஆங்கிலேயரிடமே இருந்தது. இந்நிலை மாறவேண்டும் என்று நாட்டுத் தலைவர்கள் வற்புறுத்தினர். அதன் பயனாக, இந்திய இளைஞர்களை வணிகக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவதற்கு, 1927இல் பம்பாயில் ‘டப்ரின்’ என்னும் பயிற்சிக் கப்பல் ஏற்பட்டது. அதிற் சேர்ந்த முதற் குழுவினருள் கட்டாரியும் ஒருவர்.

பயிற்சி முடிந்தபின், கல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றை அளந்தாயும் பணியை ஏற்றார். அவ்வாற்றில் மணல்திட்டுகள் அடிக்கடி இடம் மாறும். ஆழத்தை அளந்து வரைபடம் தீட்டினாலன்றிக் கப்பல்கள் இடையூறின்றித் துறைமுகம் சேர இயலா. பொறுமை மிக வேண்டிய அப்பணியிலேயே அவர் வாழ்நாளைக் கழித்திருக்கலாம். ஆயின், 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கடற்படையின் தொண்டர் பிரிவிற் சேர்ந்தார். நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிந்து தாக்கும் முறைகளில் தேர்ச்சி பெற்றார்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. தரைப்படைக்கு 1949இலும், விமானப்படைக்கு 1954இலும் இந்தியர் தலைவராயினர். கடற்படையிலோ ஆங்கிலேயரே மேலும் சில ஆண்டுகள் தலைமை வகித்தனர். ஏன்? போர்க்கப்பல் தொகுதிகளை நடத்திப் பழகிய இந்தியர் அப்போது மிகச் சிலரே. அப்பழக்கத்தைப் பெறுவது கட்டாரி போன்றோரின் கடமையாயிற்று. 1956இல் அவர் இந்தியக் கப்பற்படைத் தொகுதியின் தளபதியானார். 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், வைஸ் அட்மிரல் என்னும் நிலையில் கடற்படைத் தலைமைத் தளபதியானார்.

அவர் காலத்தில், 1961இல், விமானந்தாங்கிக் கப்பலாகிய ‘விக்ராந்த்’ நம் கடற்படையில் சேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கோவாவைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து மீட்ட போரிலும் கடற்படை பங்கு கொண்டது. கோவாவை அடுத்த அஞ்சதீவில் இறங்கிய வீரருள் எழுவர் உயிர் நீத்தனர். அவ்வெற்றி விலையின்றிக் கிடைத்ததன்று.

1962இல் ஓய்வு பெற்ற கட்டாரி, பின்னர்ப் பர்மாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1983ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் மறைந்தார்.

பயிற்சிக் கப்பலில் அவர் அடியெடுத்து வைத்ததற்கும் தலைமைப் பதவி ஏற்றதற்கும் இடையே 30 ஆண்டுகள் கழிந்தன. இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வருவார் என்று 1927இல் எவரும் உறுதி கூறியிருக்க முடியாது. எனினும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. காலம் கனிந்து கதவு திறந்தபோது, உள்ளே நுழையும் தகுதியோடு அவர் வாயிலில் நின்றார்.