அறிஞர் டூபாய்ஸும் ஏழாம் வட்டமும்

ஒரு பெருநகரின் நடுவே வறுமை ஓரிடத்தில் தேங்கி நிற்குமாயின், அதற்குக் காரணம் அங்கு வாழ்வோரின் குணமா, அவர்களைச் சூழ்ந்துள்ள சமுதாயத்தின் அமைப்பா என்னும் வினா எழுவது இயல்பு. அமெரிக்க நாட்டில் இவ்வினா நூறாண்டுகளுக்கும் மேலாக விவாதிக்கப்பட்டு வருகிறது. வெறும் வாதமாக இருந்த அதனை வீடு வீடாகச் சென்று எடுத்த கணக்கின்மேல் நிறுத்தியவர் வில்லியம் எட்வர்ட் பர்கார்ட் டூபாய்ஸ். சமூகவியல் அறிஞர், வரலாற்றாசிரியர், இதழாசிரியர், கவிஞர் எனப் பல துறைகளில் விளங்கிய அப்பெருமகனாரின் தொண்ணூற்றைந்து ஆண்டு வாழ்வை முழுமையாகக் கூற ஒரு கட்டுரை போதாது. அவ்வொரு வினாவைத் தொடர்ந்து சென்று அவர் வாழ்வை நோக்குவதே இங்கு நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் 1868 பிப்ரவரி 23ஆம் நாள் டூபாய்ஸ் பிறந்தார். அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. தந்தை அவருடைய குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தை விட்டு அகன்றார். தாய் மேரி சில்வினா வீட்டுப்பணிகள் செய்து மகனை வளர்த்தார். கறுப்பினக் குடும்பங்கள் மிகச் சிலவே இருந்த அவ்வூரில் வெள்ளைச் சிறுவர்களுடன் ஒன்றாகவே அவர் பயின்றார். ஒருநாள் பள்ளிப் பிள்ளைகள் பெயரட்டைகளை ஒருவருக்கொருவர் கொடுத்து விளையாடியபோது, புதிதாக வந்த மாணவி ஒருத்தி அவர் நீட்டிய அட்டையை மட்டும் வாங்க மறுத்தாள். தமக்கும் பிறருக்கும் இடையே ஒரு திரை தொங்குவதை அன்றே உணர்ந்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். அத்திரை என்னும் உருவகம் அவர் எழுத்துகளில் இறுதிவரை தொடர்ந்து வருவதைக் காணலாம்.

1885இல் தாய் மறைந்தார். ஊர்த் தேவாலயங்கள் திரட்டித் தந்த பொருளுதவியால் டென்னசி மாநிலத்தில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். விடுமுறைக் காலங்களில் சிற்றூர்ப் பள்ளியொன்றில் ஆசிரியராகப் பணிபுரிந்து, தெற்கு மாநிலங்களின் கறுப்பின உழவர்களது வாழ்வை நேரில் அறிந்தார். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, 1892 முதல் 1894 வரை பெர்லினில் தங்கிக் கற்றார். பொருளியலை வெறுங்கோட்பாடாகக் கொள்ளாமல் தரவுகளைத் திரட்டி ஆராயும் முறையை ஷ்மோலர் போன்ற பேராசிரியர்களிடம் அங்கே பயின்றார். 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பட்டத்தை அங்குப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

விடையோடு வந்த வினா

1896இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை ஃபிலடெல்ஃபியா நகருக்கு அழைத்தது. ஏறத்தாழ நாற்பதாயிரம் கறுப்பினத்தவர் அந்நகரில் வாழ்ந்தனர். அவர்கள் நெருங்கி வாழ்ந்த ஏழாம் வட்டம் வறுமைக்கும் குற்றத்திற்கும் பெயர்பெற்றிருந்தது. நகராட்சியின் சீர்கேட்டுக்கு இவ்வட்டத்து வாக்காளர்களே காரணம் என்று சீர்திருத்தம் பேசிய பெருமக்கள் பலரும் நம்பினர். அந்நம்பிக்கைக்குச் சான்று தேடித் தருவதே தம் பணி என்று கருதப்படுவதை டூபாய்ஸ் உணர்ந்தார். ஆயினும் அழைப்பை ஏற்றார். விடை முன்கூட்டியே எழுதப்பட்ட வினாவை மீண்டும் வினாவாக்கியதே அவர் செய்த முதல் தொண்டு எனலாம்.

பல்கலைக்கழகம் அவருக்கு வகுப்பறையும் தரவில்லை, மாணவர்களையும் தரவில்லை. பணியாளர் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெறவில்லை. மணமாகிச் சில திங்களே ஆன நிலையில் மனைவி நீனாவுடன் அவ்வட்டத்திலேயே, ஓர் உணவுச்சாலையின் மேலிருந்த அறையில் குடியேறினார். தெருவில் சண்டையும் கூச்சலும் ஓயாத இடம் அது. கையில் வினாப்படிவங்களுடன் ஒவ்வொரு வாயிலாகத் தட்டினார். ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு குடும்பங்களைத் தாமே கண்டு பேசினார். அவ்வட்டத்தில் வாழ்ந்த 9,675 கறுப்பினத்தவரின் பிறப்பிடம், வயது, கல்வி, தொழில், வருவாய், வாடகை ஆகியவற்றைத் தொகுத்தார். அம்மக்கள் அவரை மலர்ந்த முகத்துடன் வரவேற்றனர் என்று கூறுவதற்கில்லை. தாங்கள் ஆராய்ச்சிப் பொருளாக்கப்படுவதை அவர்களில் பலர் வெறுத்தனர். அவ்வெறுப்பில் நியாயம் உண்டு என்பதை அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். இவ்வுழைப்பின் பயனே 1899இல் வெளிவந்த ‘ஃபிலடெல்ஃபியா நீக்ரோ’ என்னும் நூலாகும்.

கணக்கு காட்டிய காரணங்கள்

நோயைக் கண்டவுடன் நோயாளியைப் பழிக்காது, நோயின் முதலைத் தேடும் மருத்துவரைப் போல் அவர் செயற்பட்டார். அம்மக்கள் நகரின் நடுவில் நெருக்கியடித்து வாழ்ந்தது ஏன்? பெரும்பாலோர் செல்வர் வீடுகளிலும் விடுதிகளிலும் ஏவற்பணி செய்தோர். வேலையிடத்திற்கு அருகிலேயே அவர்கள் குடியிருந்தாக வேண்டும். வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு கொடுப்பார் அரியர். ஆதலின் மோசமான வீட்டிற்கும் மிகுதியான வாடகை கேட்கப்பட்டது. அவ்வாடகையை ஈடுசெய்ய, அறைகளை ஒண்டுக் குடித்தனக்காரர்களுக்கு விட்டனர். அதனால் நெருக்கடி மேலும் பெருகியது. 2,441 குடும்பங்களுள் 334 குடும்பங்களுக்கே குளியலறையும் கழிப்பறையும் இருந்தன. அழுக்கு அவர்களது இயல்பு என்றோருக்கு இவ்வெண்களே விடையாயின.

கைத்தொழில் அறிந்தோர் ஏன் ஏவற்பணி செய்தனர் என்பது அடுத்த வினா. தொழிற்சங்கங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளிகளும் வெள்ளைத் தொழிலாளரின் எதிர்ப்புக்கு அஞ்சினர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலேயே பொறியியல் பயின்று தேறிய ஒரு கறுப்பின இளைஞரின் செய்தியை அவர் பதிவு செய்துள்ளார். அவ்விளைஞர் நற்சான்றுகளின் வலிமையால் வேலை பெற்றார். சில மணி நேரம் பணிபுரிந்தபின் அவரது இனம் தெரியவந்தது. உடனே நீக்கப்பட்டார். டூபாய்ஸ் எழுதிய நாளில் அவர் பல்கலைக்கழகத்தாருக்குரிய மன்றத்தில் உணவு பரிமாறிக்கொண்டிருந்தார். மாறாக, மிட்வேல் எஃகு ஆலையின் மேலாளர் இரு இனத்தவரையும் ஒன்றாகவே வேலைக்கு அமர்த்தினார். ஆலை குறைவின்றி நடந்தது. வாயில் திறந்தபோது உள்ளே வரத் தகுதியுடையோர் இருந்தனர் என்பதற்கு இவ்வாலை சான்றாயிற்று.

வரலாற்றையும் அவர் விட்டுவிடவில்லை. அந்நகரின் கறுப்பினத்தவர் ஒருகாலத்தில் விருந்துச் சமையல் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிப் புகழ்பெற்றிருந்தனர். 1838இல் பென்சில்வேனியா அரசியலமைப்பு அவர்களது வாக்குரிமையைப் பறித்தது. கலவரங்கள் அவர்களது வீடுகளையும் தேவாலயங்களையும் எரித்தன. மீண்டும் 1870இல் வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டே தேர்தல் நாளன்று ஆக்டேவியஸ் காட்டோ என்னும் ஆசிரியர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழும்போதெல்லாம் தள்ளப்பட்ட ஒரு கூட்டத்தைப் பார்த்து, இவர்கள் எழமாட்டார்கள் என்று உலகம் கூறியதை அந்நூல் அமைதியாக எடுத்துரைக்கிறது.

1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்னும் காப்பீட்டுப் புள்ளியியலாளர், கறுப்பினம் பிறவிக் குறையால் அழிந்துபோகும் என்று ஒரு நூல் எழுதியிருந்தார். வெள்ளையரே வாழும் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றில் இறப்பு விகிதம் இதனினும் மிகுதியாய் இருந்ததை டூபாய்ஸ் சுட்டினார். ஒரே நிலை இரு நிறத்தாருக்கும் ஒரே சாவைத் தருமாயின், காரணம் நிறமாக எங்ஙனம் இருத்தல் கூடும்?

நடுநிலையுடன் நோக்கின் இந்நூலிலும் குறை உண்டு. கற்றவராகிய டூபாய்ஸ், அவ்வட்டத்தின் அடித்தட்டு மக்களை ஒழுக்கத்தின் உயர்மேடையில் நின்று நோக்கிய இடங்கள் பல. அவர்களது குடும்ப வாழ்வையும் பொழுதுபோக்கையும் கடிந்துரைத்தார். கறுப்பினத்தார் கடமை, வெள்ளையர் கடமை என இரண்டையும் தனித்தனியே வகுத்துக் கூறி நூலை முடித்தார். கல்வியால் தமக்கு வாய்த்த சலுகையை அவர் அன்று போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

எண்ணிலிருந்து பாட்டுக்கு

உண்மையை எடுத்துக் காட்டினால் உலகம் திருந்தும் என்பது அவரது இளமை நம்பிக்கை. 1897இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான பிறகு அந்நம்பிக்கை உடைந்தது. 1899 ஏப்ரலில் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியை ஒரு கும்பல் எரித்துக் கொன்றது. அறிவார்ந்த கடிதம் ஒன்றுடன் நாளிதழ் அலுவலகம் நோக்கி நடந்த டூபாய்ஸ், கொல்லப்பட்டவரின் விரல் எலும்புகள் அதே தெருவின் கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்று கேள்வியுற்றுப் பாதி வழியில் திரும்பினார். அடுத்த திங்களிலேயே அவருடைய ஒன்றரை வயது ஆண்மகவு தொண்டை அடைப்பான் நோயால் மறைந்தது.

1903இல் வெளிவந்த ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் நூல் இத்துயரங்களில் விளைந்தது. ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் புகழ்பெற்ற கவிஞர்களின் அடிகளையும், அவற்றின் கீழ் அடிமைகள் பாடிய துயரப் பாடலின் இசைக்குறிப்பையும் அவர் அமைத்தார். பாடியோர் பெயர் அறியப்படாத அப்பாடல்களுக்கு உலக இலக்கியத்திற்கு இணையான இருக்கை அளித்த செயல் அது. தன்னைத் தன் கண்ணாலும், தன்னை இகழ்வோர் கண்ணாலும் ஒருங்கே காண நேர்ந்த இரட்டை உணர்வை அந்நூல் விளக்கியது. அரசியல் உரிமைகளை ஒத்திவைத்துக் கைத்தொழில் கற்போம் என்ற புக்கர் வாஷிங்டனின் வழியையும் அது மறுத்தது.

1909இல் தோன்றிய கறுப்பினத்தவர் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் நிறுவனர்களுள் ஒருவரான அவர், 1910 முதல் 1934 வரை அதன் ‘கிரைசிஸ்’ இதழை நடத்தினார். ஆயிரம் படிகளுடன் தொடங்கிய இதழ் 1919இல் ஒரு நூறாயிரத்தை எட்டியது. இலக்கியப் பகுதியை ஜெஸ்ஸி ஃபாசெட் என்னும் பெண் எழுத்தாளர் பேணினார். பத்தொன்பது வயது லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய ஆறுகள் பற்றிய கவிதை 1921 ஜூன் இதழில் வெளியாயிற்று. அவ்விளைஞர் பின்னர் அக்கவிதையை டூபாய்ஸுக்கே உரிமையாக்கினார்.

ஆயினும் கவிஞர்களுக்கும் அவருக்கும் பிணக்கு எழாமல் இல்லை. கலை என்பது விடுதலைக்கான பரப்புரையாகவே இருத்தல் வேண்டும் என்று 1926இல் அவர் வாதிட்டார். ஹார்லெம் தெருக்களின் மதுக்கடைகளையும் இரவு வாழ்வையும் கிளாட் மெக்கே 1928இல் நாவலாக்கியபோது, அது வெள்ளையரின் இழிந்த எதிர்பார்ப்புக்குத் தீனியாகும் என்று சினந்தார். இளங்கவிஞர்களோ, ஏழைகளை நல்லொழுக்கச் சான்றிதழ் பெற்ற பின்தான் பாட வேண்டுமா என்று எண்ணினர். இருசாரார் கவலையும் உண்மையானவை. இழிவுபடுத்துவோர் கையில் கருவி கொடுத்துவிடுவோமோ என்ற அச்சமும், உள்ளதை மறைத்துப் பாடினால் பாட்டு பொய்யாகுமே என்ற அச்சமும் ஒடுக்கப்பட்டோர் இலக்கியம் எங்கெங்கு எழுகிறதோ அங்கெல்லாம் எதிர்நின்றே தீரும்.

சலுகை என்னும் கூலி

1935இல் அவர் எழுதிய ‘கறுப்பினத்தார் மறுசீரமைப்பு’ என்னும் பெருநூல் அவரது சிந்தனையின் முதிர்ச்சியைக் காட்டுகிறது. தெற்கு மாநிலங்களின் ஏழை வெள்ளையர், தம்மைப் போன்றே வறியோரான கறுப்பினத்தாருடன் ஏன் கைகோக்கவில்லை என்று அதில் வினவினார். அவர்கள் பெற்ற பணக்கூலி குறைவு. ஆனால் பொது மரியாதை, பூங்காக்களில் நுழைவு, மேலான பள்ளிகள், தம்மினத்தவரே காவலராய் இருத்தல், நீதிமன்றத்தின் பரிவு ஆகியவை மனத்துக்குக் கிடைத்த மற்றொரு கூலியாயின. இனச்சலுகை பற்றிய இன்றைய விவாதங்கள் பலவற்றிற்கு வேர் இங்கே உள்ளது. சலுகை பெற்றவன் செல்வனாக இருக்க வேண்டுவதில்லை. தனக்குக் கீழ் ஒருவன் நிறுத்தப்பட்டிருப்பதே அவனுக்கு ஊதியமாகிவிடுகிறது என்னும் இக்கருத்தைச் சாதியின் கொடுமையை அறிந்த எவரும் எளிதில் உணர்வர். 1946இல் அண்ணல் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, தீண்டப்படாதோர் நிலைக்கும் அமெரிக்கக் கறுப்பினத்தார் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டியதும், டூபாய்ஸ் பரிவுடன் விடையளித்ததும் இங்கு நினைக்கத்தக்கன.

இறுதி நாள்களும் தொடரும் வழக்கும்

முதுமையில் அவர் பட்ட இன்னல் மிகுதி. அமைதி இயக்கப் பணிக்காக 1951இல் அயல்நாட்டு முகவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். வழக்கில் விடுவிக்கப்பட்டாலும், 1958 வரை கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1961இல் கானா நாட்டுத் தலைவர் நிக்ரூமாவின் அழைப்பை ஏற்று, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் உருவாக்க அங்குச் சென்றார். 1963 ஆகஸ்டு 27ஆம் நாள் அக்ரா நகரில் மறைந்தார். மறுநாள் வாஷிங்டனில் திரண்ட மாபெரும் உரிமைப் பேரணியில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது.

அவர் மறைந்தும் வழக்கு முடியவில்லை. 1965இல் மாய்னிஹான் அறிக்கை, கறுப்பினக் குடும்ப அமைப்பின் சிதைவை வறுமைச் சுழலின் நடுவே வைத்தது. பாதிக்கப்பட்டோரையே பழிப்பதா என்று மறுப்பு எழுந்தது. 1987இல் வில்லியம் ஜூலியஸ் வில்சன், நகர்நடுவிலிருந்து ஆலைகள் அகன்றதால் வேலை மறைந்ததை முதன்மைக் காரணமாகக் காட்டினார். வீட்டுக்கடன் வழங்குவதில் கறுப்பினப் பகுதிகளை 1930கள் முதல் ஒதுக்கிவைத்த அரசுக் கொள்கையை வேறு சிலர் வெளிக்கொணர்ந்தனர். குணமா, அமைப்பா என்னும் பழைய வினா ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய சொற்களில் எழுகிறது. ஏழாம் வட்டத்துப் படிவங்களை அறிந்தோர், பேசுவதற்கு முன் வாடகை எவ்வளவு, வேலை தருவோர் யார், மறுத்தோர் யார் என்று கேட்பர்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2012இல் அவருக்குச் சிறப்புநிலை ஓய்வுபெற்ற பேராசிரியர் என்னும் தகுதியை வழங்கியது. பட்டியலில் விடுபட்ட பெயர் நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து ஏறியது. எண்களைத் திரட்டியவரே பாட்டின் துணையையும் நாடினார் என்பதைக் கவிதை வளர்க்கும் நம் வட்டத்தார் நினைவில் கொள்ளல் தகும். பிறர் துன்பத்தைப் பாட எழுதுகோல் எடுப்போர், அத்துன்பம் வாழும் வாயிலை ஒருமுறையேனும் தட்டிப் பார்த்தல் வேண்டும். அங்கே வரவேற்பு இல்லையெனினும், அதன் காரணத்தையும் கேட்டறிந்து திரும்புதல் வேண்டும். டூபாய்ஸ் வாழ்வு நமக்கு உணர்த்துவது இதுவே.